ஒன்பதாம் கேள்விக்கான வரைபடம்

பிப்ரவரி 3

அன்புத் தங்கைக்கு,

இதை எழுதுபவன் உன் அண்ணன். கட்டட அனுமதி அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக வரைபடங்களைச் சரிபார்த்துக் கையொப்பமிடுபவன். எழுதும் நோக்கம், சென்ற மாதம் இருபத்தொன்றாம் தேதி என் காருக்கு நேர்ந்த மோதலையும், அதையொட்டிய காப்பீட்டுக் கோரிக்கையையும் உன்னிடம் முறையாகப் பதிவு செய்து வைப்பது. தொலைபேசியில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய். சொன்னதற்குச் சான்றும் இராது. இக்கடிதத்தின் நகல் என் கோப்பில் உள்ளது.

நானும் உன் அண்ணியும் நலமாக இருக்கிறோம். அங்குள்ள குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது, மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா என்று தெரிவிக்கவும்.

நிகழ்ந்தது இது. காலை எட்டு இருபது. நல்ல வெளிச்சம். மருந்துக்கடையைத் தாண்டியதும் வரும் நாற்சந்தியில், வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். இடப்புறம் பார்த்தேன். வலப்புறம் பார்த்தேன். சாலை காலியாக இருந்தது. புறப்பட்டேன். வலப்புறத்திலிருந்து ரொட்டிக் கம்பெனி வேன் ஒன்று வந்து என் முன்கதவில் மோதியது. சாலை முழுவதும் ரொட்டி. வேன் ஓட்டுநருக்கு மணிக்கட்டில் சுளுக்கு. எனக்கு ஒன்றுமில்லை.

காலியாக இருந்த சாலையில் இரண்டு நொடிக்குள் ஒரு வேன் முளைக்க வேண்டுமானால் அது எவ்வளவு விரைவாக வந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, கோரிக்கையுடன் இணைத்திருக்கிறேன். ஆகவே தவறு அவருடையது. நிறுவனம் இதை ஏற்பதைத் தவிர வேறு வழியில்லை.

படிவத்தின் ஒன்பதாம் கேள்வி இப்படி இருந்தது: "மோதலுக்கு முன் ஓட்டுநர் கண்ணால் கண்டதை மட்டும் வரைக. பிறகு அறிந்தவற்றைச் சேர்க்கலாகாது." பலர் இந்த இடத்தில் இரண்டு கோடு கிறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நான் அளவுகோல் வைத்து வரைந்தேன். கண்டதை மட்டும். நகல் உனக்கும் அனுப்புகிறேன், மடிக்காமல் வை.

உன் நலம் நாடும்
அண்ணன்

பின்குறிப்பு: முன்கதவு பதினான்கு சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கிறது.


பிப்ரவரி 20

அண்ணா,

எழுதறது நீதான்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? ஸ்டாம்ப்பை உறையோட மூலைக்கு மட்டம் பிடிச்சு ஒட்டியிருக்கறதுலயே தெரிஞ்சுபோச்சு.

இங்க எல்லாரும் சுகம். முழங்கால் என்னைவிட நல்லா இருக்கு. இவர் இருமல் போய் இப்ப தும்மல். தையல் கடையில ஆல்டரேஷன் வேலை குவிஞ்சு கிடக்கு, குளிர் முடியப்போகுதுன்னா எல்லாருக்கும் இடுப்பு பெருத்துடுது.

நீ ஒண்ணு கவனிச்சியா? ரெண்டு பக்கம் எழுதியிருக்க. கார் கதவு எத்தனை சென்டிமீட்டர் உள்ள போச்சுன்னு பின்குறிப்புல தனியா எழுதியிருக்க. உன் உடம்பைப் பத்தி "எனக்கு ஒன்றுமில்லை"ன்னு ரெண்டே வார்த்தை. நிஜமாவே ஒண்ணும் இல்லையா? கழுத்து, தோள் எல்லாம் பாத்தியா? அண்ணி என்ன சொல்றாங்க? அவங்க வண்டியில இல்லையா அன்னிக்கு? எப்பவும் கூடத்தானே வருவாங்க.

உன் படத்தைத் துணி வெட்டுற மேசைக்கு மேல ஒட்டிவெச்சிருக்கேன். இவர் பாத்துட்டு, "மச்சான் குப்பைத்தொட்டிக்கு மூடிகூட வரைஞ்சிருக்காரே, மூடி திறந்திருக்கா மூடியிருக்கான்னுகூட தெரியுது"ன்னாரு. மருந்துக்கடை, தபால்பெட்டி, வேலியில சாஞ்ச சைக்கிள். அழகா இருக்கு அண்ணா.

அந்த வேன்காரருக்குக் கை சரியாச்சா?

உன் தங்கச்சி


மார்ச் 6

அன்புத் தங்கைக்கு,

உன் மடல் பன்னிரண்டு நாளில் வந்தது. நலம் விசாரித்ததற்கு நன்றி. தோளும் கழுத்தும் குறையின்றி உள்ளன. உன் அண்ணிக்கு அன்று சளி, வீட்டில் இருந்துவிட்டாள்.

காப்பீட்டு நிறுவனம் என் கோரிக்கையை நிறுத்தி வைத்திருக்கிறது. அவர்களுடைய மதிப்பீட்டாளர் எழுதிய வரியை அப்படியே தருகிறேன்: "ஒன்பதாம் கேள்விக்கான வரைபடம் முழுமையாக இல்லை. வலப்பாதி நிரப்பப்படவில்லை." என் வரைபடம் முழுமையாக இல்லையாம். இருபத்தாறு ஆண்டுகளாகப் பிறர் வரைபடங்களைத் திருப்பி அனுப்பிய என்னிடம் இப்படிச் சொல்கிறார். கண்டதை மட்டும் வரையச் சொன்னார்கள், கண்டதை வரைந்தேன். வலப்பாதியில் சாலை இருக்கிறது. காலியான சாலையை வேறு எப்படி வரைவது?

மேல்முறையீடு செய்ய இருக்கிறேன். அதற்கிடையில் வேன்காரரை அவருடைய முதலாளி வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறாராம். நிறுவனம் யார்மேல் தவறென்று சொல்கிறதோ அதைப் பொறுத்து முடிவாம். அது முறையான நடவடிக்கைதான்.

இந்த வாரம் எதுவும் ஒழுங்காக இல்லை. அலுவலகத்தில் தேநீர் வைக்கும் இடத்தை யாரோ மாற்றிவிட்டார்கள், இருமுறை கவிழ்த்துவிட்டேன். மாடிப்படியில் எதிரே வருபவர்கள் ஒதுங்கும் பழக்கத்தையே விட்டுவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் பொறியாளர் நான் கையொப்பமிட்ட பள்ளிக் கட்டட வரைபடத்தைக் கொண்டுவந்து, கிழக்குச் சுவரில் அவசர வாயில் இல்லையே என்று கேட்டார். இல்லைதான். அப்படி ஒரு வரைபடத்தில் என் கையொப்பம் எப்படி வந்தது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

விரைவில் பதில் எழுது.

அண்ணன்


மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

உன் பதில் வருமுன் எழுதுவது முறையன்று என்று அறிவேன். நலமே. ஆனால் நேற்று நடந்ததைச் சூட்டோடு பதிவு செய்யாவிட்டால் சொற்கள் மாறிவிடும்.

வேன்காரர் என் அலுவலகத்துக்கு வந்தார். என் வயதிருக்கும். மணிக்கட்டில் கட்டு. எதிரில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், சண்டை போட வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன்" என்றார். "அன்னிக்கு நீங்க வண்டிய நிறுத்தினீங்க. தலையத் திருப்பி என் மூஞ்சியப் பாத்தீங்க. சரி, சார் நம்மளப் பாத்துட்டாரு, போகச் சொல்றாருன்னு நான் கையக்கூட தூக்கிக் காட்டினேன். அப்புறம் எதுக்கு சார் வந்தீங்க?"

"நான் உங்களைப் பார்க்கவில்லை. சாலை காலியாக இருந்தது" என்றேன்.

"என் வேன் முகப்புல ஆளுயரத்துக்கு ரொட்டி வரைஞ்சிருக்கு சார். ஊர்ல குழந்தைங்கல்லாம் டாட்டா காட்டும். அது எப்படித் தெரியாமப் போகும்?"

"நீங்கள் விரைவாக வந்திருக்க வேண்டும்."

அவர் சிரித்தார். "அந்த வண்டியா? அதைத் தள்ளிட்டுப் போனா இன்னும் சீக்கிரம் போகும் சார்."

அந்தக் காலை கடைசியாகக் கடையில் ரொட்டி இறக்கிய நேரம் பயணக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்குமே என்று கேட்டேன். பதிவாகியிருந்தால் வேகத்தைக் கணக்கிடலாம். "அங்கதான் சார் வினை. ரெண்டு கையிலயும் தட்டு. டைம் அப்புறம் எழுதிக்கலாம்னு விட்டுட்டேன். முதலாளிக்கு இது தெரியாது. உங்ககிட்ட சொல்றேன், நீங்க படிச்சவரு" என்றார்.

போகும்போது, "உங்க மேல எனக்குக் கோவம் இல்ல சார். நீங்க பாத்தீங்களா இல்லையான்னு தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வரும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவை அவர் சரியாகத் திறந்து வைக்கவில்லை போலும். அவரை வழியனுப்பத் திரும்பியபோது என் வலத்தோள் நிலையில் இடித்துக்கொண்டது.

அண்ணன்


மார்ச் 30

அண்ணா,

ரெண்டு கடிதமும் ஒரே நாள்ல வந்துச்சு. நாங்க நல்லா இருக்கோம். நீ நல்லா இருக்கன்னு எழுதியிருக்க, சரி.

ஒண்ணு கேக்கறேன், கோவப்படாதே. போன வருஷம் நான் அங்க வந்திருந்தப்ப தினமும் அந்த நாற்சந்தி வழியாத்தானே போனோம். மருந்துக்கடைக்கு எதிர்ப்பக்கம், அதாவது உனக்கு வலது பக்கம், ஒரு டயர் கடை இருக்கே. பழைய டயருக்கெல்லாம் மஞ்சள் பெயிண்ட் அடிச்சு ரெண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கிவெச்சிருப்பான். நான்கூட "இது சரிஞ்சா நாம காலி"ன்னு சொன்னேன், நீ அதோட சாய்வு எத்தனை டிகிரின்னு கணக்குப் போட்ட.

அது உன் படத்துல இல்ல.

குப்பைத்தொட்டி மூடி இருக்கு. ரெண்டு ஆள் உயரத்துக்கு நிக்கற மஞ்சள் டயர் இல்ல. கடை இல்ல. விளக்குக் கம்பம் இல்ல. நீ சோம்பேறித்தனமா விடற ஆள் இல்ல அண்ணா. கண்டதை மட்டும் வரைஞ்சேன்னு எழுதியிருக்க. நான் அதை நம்பறேன். அதான் எனக்குப் பயமா இருக்கு.

இன்னொண்ணு. உன் பழைய கடிதமெல்லாம் எடுத்துப் பாத்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி வலது ஓரத்துல கோடு போட்ட மாதிரி ஒரு விரல் இடம் விட்டிருக்க. இப்ப வர்றதுல சில வரியோட கடைசி எழுத்து காகிதத்தைத் தாண்டி உங்க மேசைக்குப் போயிருச்சு. மேசையைத் துடைக்கும்போது அண்ணியை அதைப் படிச்சுப் பாக்கச் சொல்லு.

கண் டாக்டரைப் பாத்தியா?

தங்கச்சி


ஏப்ரல் 9

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் வினாவுக்கு விடை: எனது தூரப்பார்வை குறையற்றது. படிவத்தின் ஏழாம் கேள்வி, பார்வைக் குறைபாடு பற்றியது. அதற்கும் இதே விடையைத்தான் எழுதியுள்ளேன். நாற்பதடித் தொலைவில் உள்ள காரின் எண்ணை இப்போதும் படிப்பேன்.

மேல்முறையீட்டைப் பதினொரு பக்கங்களில் அனுப்பிவிட்டேன். நான்காம் பக்கத்தில், வேன் ஓட்டுநர் அன்றைய பயணக் குறிப்பேட்டில் நேரத்தைப் பதிவு செய்யத் தவறினார் என்பதைக் குறிப்பிட்டுள்ளேன். நேரம் பதியாத ஓட்டுநர் விரைவாகச் செல்லவில்லை என்று நிறுவ இயலாது. இது விதிப்படி சரியான வாதம்.

டயர் கடை இருக்கிறது. நேற்று போய்ப் பார்த்தேன். பின்னர் அறிந்ததைச் சேர்க்கலாகாது என்பதால் வரைபடத்தைத் திருத்தவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 24

அண்ணா,

நான் கேட்டது தூரத்தை இல்ல, பக்கத்தை. நாற்பதடியில இருக்கற நம்பரைப் படிச்சுட்டு நாலடியில இருக்கற ஆளை இடிச்சா என்ன பிரயோஜனம்?

அந்த மனுஷன் உன்னை நம்பி, படிச்சவருன்னு சொல்லி, தன் தப்பைச் சொன்னாரு. அதை எடுத்து நாலாம் பக்கத்துல வெச்சிருக்க. அந்தக் கடிதத்தைப் படிச்சதுலேருந்து எனக்கு ஊசியில நூல் கோக்க முடியல.

இதோட ஒரு மஞ்சள் துணி வெச்சிருக்கேன். கவுன் தெச்சு மிச்சம். நீ சுவரைப் பாத்து நேரா நில்லு. தலையைத் திருப்பாதே, கண்ணையும் திருப்பாதே. அண்ணி உன் வலது தோளுக்குப் பக்கத்துல நின்னு இதை ஆட்டட்டும். எப்ப தெரியுதுன்னு சொல்லு. அவ்வளவுதான். அஞ்சு நிமிஷம்.

செஞ்சுட்டு எழுது. செய்யலைன்னாலும் எழுது.

உன் தங்கச்சி


மே 14

அன்புள்ள நாத்தனாருக்கு,

நான் எழுதறது உன் அண்ணனுக்குத் தெரியாது. அதனால இதுக்கு நகல் இல்ல. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா இருக்கணும்.

நீ அனுப்பின துணியை அவர் மேசை டிராயர்ல வெச்சுப் பூட்டிட்டார். அன்னிலேருந்து யாருக்கும் எதுவும் எழுதல. ஆபீஸ் விட்டு வந்தா கூடத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கறார். உட்கார்றார், எழுந்துக்கறார். கோப்பைத் திறக்கறார், மூடறார். என்னன்னு கேட்டா "ஒரு தாளைத் தேடுகிறேன்"ங்கறார். தேடற மாதிரி தெரியல, அது கைக்கு வந்துடக் கூடாதுன்னு இருக்கற மாதிரி இருக்கு.

உன்கிட்ட மறைச்சு என்ன. எனக்கு ஒரு வருஷமாத் தெரியும். வலது தோள்ல எப்பவும் ஒரு கன்னிப்போன அடையாளம் இருக்கும். சொன்னா வருத்தப்படுவாரேன்னு நான் ஒண்ணொண்ணா நகர்த்தினேன். கூடத்து ஸ்டூல், பூந்தொட்டி, துணி காயப்போடற கொடி, எல்லாத்தையும் இடது பக்கம். தண்ணி டம்ளரைக்கூட இடது கைப்பக்கமே வைப்பேன். ஆபீஸ்ல யார் வைப்பா? கார்ல போகும்போது "லாரி வருது பாருங்க", "அந்த அம்மா குறுக்க வராங்க"ன்னு ஏதாவது பேசிக்கிட்டே வருவேன். "உனக்கு வாய் ஓயாதா"ன்னு திட்டுவார். ஆனா கேட்டுக்குவார். அன்னிக்கு எனக்குச் சளி, நான் போகல.

அந்த வேலை போயிட்டா அவர் என்ன ஆவார்னு நினைச்சுத்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அவருக்கு வரைபடம் தவிர வேற எதுவும் தெரியாது. இப்ப அந்த வேன்காரர் சம்சாரத்தைக் கடைத்தெருவுல பாத்தேன். என்னை யாருன்னு தெரியாம, "நகருங்கம்மா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் நகர்ந்துட்டேன்.

நீ அவருக்கு எழுது. நான் சொன்னேன்னு சொல்லாதே.

அண்ணி


மே 27

அண்ணா,

நாங்க சுகம். உன்கிட்டேருந்து ஒரு மாசமா ஒரு வரி இல்ல. திட்டறதுக்கு இல்ல, கேக்கறதுக்குத்தான் எழுதறேன்.

துணியைப் பத்திக் கேக்கல. வேன்காரர் இப்ப எங்க இருக்காரு? அதை மட்டும் எழுது.

தங்கச்சி


ஜூன் 8

அன்புத் தங்கைக்கு,

உன் கேள்விக்கு முதலில் விடை. வேன்காரர் வீட்டில் இருக்கிறார். இம்மாதம் முதல் தேதி காப்பீட்டு நிறுவனம் என் மேல்முறையீட்டை முழுமையாக ஏற்றுக்கொண்டது. தவறு அவருடையது என்று எழுத்தில் வந்துவிட்டது. ஏற்றதற்குக் காரணமாக நான்காம் பக்கத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். பதினைந்தாம் தேதி அவருடைய முதலாளி அவரை நிரந்தரமாக நீக்க இருக்கிறார்.

அந்தக் கடிதத்தை மும்முறை படித்தேன். நான் வென்றுவிட்டேன் என்று அதில் இருந்தது. கோப்பில் சேர்க்கப் போனபோது எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியவில்லை. டிராயரைத் திறந்து உன் துணியை எடுத்து உன் அண்ணியிடம் கொடுத்தேன்.

சுவரைப் பார்த்து நின்றேன். அவள் என் வலத்தோள் பக்கம் போய் நின்றாள். "தொடங்கு" என்றேன். சிறிது நேரம் பொறுத்து, "துணியை எடுத்தாயா இல்லையா?" என்றேன்.

"ஆட்டிக்கிட்டேதான் இருக்கேன்" என்றாள். குரல் சரியாக இல்லை. கை வலிக்கிறதா என்று கேட்டேன். அவள் துணியை மடித்து என் இடக்கையில் வைத்தாள்.

மறுநாள் கண் மருத்துவரிடம் சென்றோம். இரு கண்களிலும் வலப்பக்கப் பார்வை பெரும்பகுதி போய்விட்டது. போனது திரும்பாது, எஞ்சியதை மருந்தால் காக்கலாம் என்றார். "ஆனால் எனக்கு எங்கும் இருட்டாக ஒன்றும் தெரியவில்லையே" என்றேன். "தெரியாது. தெரியாத இடத்தை மூளை தானாக நிரப்பிவிடும். பக்கத்தில் சுவர் இருந்தால் சுவராக, சாலை இருந்தால் சாலையாக" என்றார். அந்தக் காலை நான் வேன்காரரின் பக்கம்தான் தலையைத் திருப்பியிருக்கிறேன், தங்கையே, ஆனால் அவர் முகம் என் பார்வையின் வலப்பாதியில் விழுந்திருக்கிறது. அதன்மேல் காலியான சாலையை என் மூளை வரைந்து கொடுத்தது. நான் அதை அளவுகோல் வைத்துப் பிரதி எடுத்தேன்.

இதோடு நிறுத்தினால் நான் அறியாமல் செய்த தவறாகும். அப்படியன்று. பதினைந்து மாதங்களுக்கு முன் அலுவலகத்தின் ஆண்டுப் பரிசோதனையில் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள்: "பக்கப் பார்வைச் சோதனைக்கு ஒரு மாதத்துக்குள் வரவும்." அதைத் துளையிட்டு, நாளிட்டு, "பின்னர் கவனிக்க" என்ற பிரிவில் வைத்தேன். அந்தப் பிரிவில் அது ஒன்றுதான் இருக்கிறது. ஏழாம் கேள்விக்குத் தூரப்பார்வை என்று எழுதியபோது, என்ன எழுதாமல் விடுகிறேன் என்பதை அறிந்தே எழுதினேன். ஒரு சொல்லும் பொய்யில்லாமல் எழுத எனக்குப் பயிற்சி உண்டு.

இதைச் சொன்னால் நான் இழப்பது எது என்று உனக்குத் தெரியும். பக்கம் தெரியாதவன் வரைபடத்தில் கையொப்பமிட முடியாது. பள்ளிக் கட்டடத்தின் கிழக்கு வாயிலை நான்தான் தவறவிட்டேன், விசாரணை முடிந்தது. அந்தப் பெண் பொறியாளர் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் உட்காரவும் விடவில்லை, நடக்கவும் விடவில்லை.

உன் அண்ணி உனக்கு எழுதினாளா என்று நான் கேட்கப்போவதில்லை. கூடத்து ஸ்டூல் ஒரு வருடத்துக்கு முன் எந்தப் பக்கம் இருந்தது என்று நேற்றுத்தான் நினைவுக்கு வந்தது.

உன் முழங்காலைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையிடம், குப்பைத்தொட்டி மூடி திறந்துதான் இருந்தது என்று சொல். இம்மடலின் வலது ஓரத்தில் உன் அண்ணி ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாள். தாண்டாமல் எழுதியிருக்கிறேன் என்று நம்புகிறேன்.

நாளை நான் செய்யப்போவதை இங்கே பதிவு செய்கிறேன். காலை பத்து மணிக்குக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சென்று, என் கோரிக்கையைத் திரும்பப் பெறுவேன். ஏழாம் கேள்விக்கான விடையைத் திருத்தி, மருத்துவர் சான்றையும் பழைய சீட்டையும் இணைப்பேன். தவறு முழுவதும் என்னுடையது, வேன் ஓட்டுநர் கை காட்டினார் என்று எழுதிக் கையொப்பமிடுவேன். ஒன்பதாம் கேள்விக்கான வரைபடத்தை மாற்ற மாட்டேன். அதன் வலப்பாதியில் "ஓட்டுநருக்குத் தெரியாத பகுதி" என்று மட்டும் குறிப்பேன். அதன் நகலை ரொட்டிக் கம்பெனி முதலாளியிடம் நேரில் கொடுப்பேன். அடுத்து ஓட்டுநர் உரிமத்தை ஒப்படைப்பேன். அலுவலகத்தில், இரண்டு ஆண்டுகளில் நான் கையொப்பமிட்ட எல்லா வரைபடங்களையும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று கடிதம் கொடுப்பேன். கடைசியாக வேன்காரர் வீட்டுக்குப் போய், பார்த்தேனா இல்லையா என்ற அவர் கேள்விக்கு விடை சொல்வேன்.

எல்லா இடங்களுக்கும் நடந்தே போவேன். உன் அண்ணி என் வலப்பக்கத்தில் வருவாள்.

அண்ணன்